முதலில் எங்கள் தெரு

துபாயிலிருந்து மகன் வரும்வரை கணவரின் உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். மின் கட்டுப்பாட்டு அறையில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஞானதுரை மாலையோடு வந்தார். அப்போதே அவருக்குப் போன் வந்தது. மின்வலையின் அதிர்வெண் சரிகிறதாம். உடனே ஒரு பகுதிக்காவது மின்சாரத்தை நிறுத்தாவிட்டால் மாவட்டமே இருண்டுவிடுமாம்.

“முதல்ல வெட்ட வேண்டியது இந்தத் தெருதாம்மா. ஊரு குறை சொல்லக் கூடாதுன்னு சாரே போட்ட வரிசை.”

“இன்னைக்கு மட்டும் மாத்துய்யா,” என்றார் என் அண்ணன்.

“சார் எந்திரிச்சுத் திட்டுவாருங்க.”

“வெட்டுங்க,” என்றேன்.

பெட்டியின் உறுமல் அடங்கியது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு முந்தானையால் பெட்டிக்கு விசிறினார்கள். மறுபடி போன் வந்ததும் ஞானதுரை பெட்டியின் கண்ணாடிமேல் குனிந்தார். “சரிவு நின்னிருச்சு சார், தப்பிச்சிட்டோம்.” பிறகு, ஒரு பாராட்டை எதிர்பார்ப்பவர்போல, அங்கேயே கைகட்டி நின்றார்.