ஹால் தாங்காது

"மனுஷன் படுக்கிற ரூம்ல மீன் தொட்டியா? கேட்க ஆளில்லைன்னு நெனச்சீங்களா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் மகள். விஷயம் காதில் விழுந்ததும் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள்.

ஈரத்துணியும் கையுமாக வந்தாள் மருமகள். "உள்ள வாங்க அண்ணி. முதல்ல தண்ணி குடிங்க."

"உங்க வீட்டுத் தண்ணியா? அதுலயும் என் தம்பி மீனுக்குப் போடுற உப்பைக் கலந்திருக்கப் போறான். வேணாம்மா."

நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டில் ஜன்னலோரம் ஒதுங்கியிருந்தது. கட்டில் கிடந்த இடத்தில், கட்டிலைவிட நீளமாக ஒரு கண்ணாடித் தொட்டி. மோட்டார் உர்ரென்றது. நீல வெளிச்சத்தில் பெரியவர், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா," என்றார்.

தம்பி வாளியோடு உள்ளே வந்தான். வாளிக்குள் ஹாலில் இருந்த பழைய தொட்டியின் பவளங்கள்.

"அக்கா, தள்ளு தள்ளு. டியூப் மேல நிக்கிற."

"ஏன்டா, அப்பா என்ன கருவாடா? மீன் பக்கத்துல காயப்போட்டிருக்க?"

"சின்னத் தொட்டி பத்தலக்கா. பவளமெல்லாம் வளர்ந்து ஒண்ணை ஒண்ணு கொட்டுது. தள்ளித் தள்ளி வைக்கணும்."

"கல்லு எங்கயாவது கொட்டுமா?"

"கல்லு இல்லக்கா, அது உயிரு!"

"அப்போ அப்பா?"

அவன் தலை தொட்டிக்குள் இருந்தது. "பயப்படாதடா கண்ணு, புது வீடுடா," என்று ஓர் ஆரஞ்சு மீனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "மேல இது என்ன, ஏசியா?"

"தண்ணி சூடானா பவளம் வெளுத்துப் போயிடும்க்கா."

"போன கோடையில அப்பா விசிறியும் கையுமா வெந்துக்கிட்டுக் கிடந்தாரே, அப்ப எதுவும் வெளுக்கலையா? ஏன், ஹால்ல வச்சா என்ன?"

"ஹால் தாங்காது. இந்தத் தொட்டி தண்ணியோட ஒரு காரு கனம். இந்தச் சுவருக்குக் கீழ மட்டும்தான் பீம் போகுதாம்."

"எந்த மேதாவி சொன்னான்?"

மருமகள் வாயைத் திறந்தாள். பெரியவர் இருமினார். மருமகள் மூடிக்கொண்டாள்.

"பாத்தியா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது," என்றாள் மகள். "உனக்கு ஹால் அழகா இருக்கணும். அதுக்கு என் அப்பா மோட்டார் சத்தத்துல படுக்கணும். அப்படித்தானே?"

மருமகள் முகம் சிவந்தது. துணியைப் பிழிந்தாள். விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனாள்.

மகள் பரணிலிருந்து பையை இழுத்தாள். கொடியில் கிடந்த வேட்டி, சட்டையெல்லாம் உள்ளே போயின. "கிளம்புங்கப்பா. இனிமே நீங்க என் வீட்டுலதான்."

பெரியவர் முகம் மாறியது. "உன் வீட்டுலயா? எந்த ரூம்மா?"

"ரூம்... ஹால்ல சோபா இருக்குல்ல? விரிச்சா கட்டில்தான்."

"மாப்பிள்ளை டிவி பாப்பாரே?"

"அவர் சத்தம் கம்மியா வச்சுப்பாருப்பா. கண்ணை மூடிக்கிட்டா வெளிச்சம் தெரியாது."

"அப்படியா?" என்றார் பெரியவர், பணிவாக.

தம்பி காலி வாளியோடு தொட்டியை விட்டுத் திரும்பினான். "அப்பா எங்க போறாரு?" என்றான். ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை. மொட்டை மாடியில் உப்புத் தண்ணீர் கலந்து வைத்திருந்தான், ஓடினான்.

"பாத்தீங்களா? நீங்க போறீங்கன்னா நிக்கக்கூட நேரமில்ல அவனுக்கு! இன்னும் எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கீங்க? எழுந்திரிங்க!"

"முதல்ல கதவைச் சாத்து," என்றார் பெரியவர்.

சாத்தினாள்.

"அந்தப் பையைக் கீழ வை. தம்பி பொண்டாட்டின்னா இப்படித்தான் திட்டுவியா? அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. ஹால் தாங்காதுன்னு சொன்ன மேதாவி நான்தான்."

"நீங்களா?"

"வேற யாரு? இந்த வீட்டைக் கட்டின மேஸ்திரி நான். நான் சொன்னா உன் தம்பி நம்பாம இருப்பானா?"

"சரிப்பா, நிஜமாவே ஹால் தாங்காதா?"

"நான் நின்னு போட்ட கான்கிரீட்டும்மா அது! யானையைக் கட்டினாலும் தாங்கும்."

மகள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்தாள். "அப்புறம் எதுக்குப்பா இந்தப் பொய்?"

பெரியவர் தொட்டியைப் பார்த்தார். அந்த ஆரஞ்சு மீனும் அவரைப் பார்த்தது.

"வேலை விட்டு வந்தா நேரா தொட்டிக்கு முன்னால உட்கார்ந்துடுவான். சாப்பாடும் அங்கதான், பேச்சும் அங்கதான். இந்த ரூம் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? காய்ச்சல்னு சொல்லிப் படுத்துப் பார்த்தேன். மாத்திரையை மருமக கையில குடுத்து அனுப்பிட்டான். இடுப்பு வலின்னேன். தைலம் வந்துச்சு, அவன் வரல. அப்பதான் பெரிய தொட்டி வாங்கப் போறேன்னு சொல்லி, எங்க வைக்கலாம்னு என்கிட்ட கேட்டான்..."

மாடிப்படியில் வாளி இடிபடும் சத்தம் கேட்டது. பெரியவர் அவசரமாகத் தலையணையைத் தள்ளிவிட்டு, கட்டிலில் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினார்.

"தொட்டி எங்க இருக்கோ, அங்கதானேம்மா என் புள்ள இருப்பான்!"