ஆக்சிலேட்டரில் கோளாறு

"கேபிளைக்கூடப் பார்க்காம வண்டியை அனுப்பியிருக்கே. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

குராமோச்சி போட்ட சத்தத்தில் பக்கத்து அணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மனைவி மிசுஹோ, வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டே ஓட்டும் ட்ரிஃப்ட் பந்தயக்காரி. போன வருடம் இதே நிஹொன்மாட்சு மலைத் திடலில் சுவரில் மோதி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவள். இன்றைக்குத்தான் மறுபடி ஓட்டுகிறாள். அரையிறுதியில் எப்படியோ ஜெயித்துவிட்டாள். ஆனால், காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுச் சுவரோரம் வந்தபோது வேகம் செத்துப்போய் வண்டி நேராகிவிட்டது.

"ஆக்சிலேட்டர் பாதியிலேயே நின்னுடுச்சுங்க" என்றாள், ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

மெக்கானிக் சுகாயா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். எல்லார் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்தான்.

"என் தப்புதான் அக்கா. பத்து நிமிஷம் கொடுங்க."

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே" என்றார் குராமோச்சி.

"சரிண்ணே."

பானெட்டைத் திறந்தான். காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே, ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகட்டைத் துடைத்தான். கேபிளை உருவி எண்ணெய் விட்டு மாட்டினான்.

"நீங்களே மிதிச்சுப் பாருங்க அக்கா."

மிதித்தாள். தகடு முழுசாகத் திறந்தது. விட்டாள். டக்கென்று மூடியது. பத்துத் தடவை மிதிக்க வைத்தான்.

"இனிமே நிக்காதுல்ல?"

"நிக்காது. நான் பொறுப்பு."

இறுதிப் போட்டியில் துரத்தி வந்தவன் போன வருடச் சாம்பியன் தொனெகாவா. அதே சுவர் வந்தது. எஞ்சின் அலறல் துளிகூடக் குறையவில்லை. பின் பம்பருக்கும் சுவருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அவள் கிளப்பிய புகைக்குள் தொனெகாவா காணாமலே போனான். திடலே எழுந்து நின்று கைதட்டியது.

மனைவி கோப்பையைத் தூக்கியபோது குராமோச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகச் சுகாயாவிடம் போனார்.

"கோபத்துல சொன்னதை மனசுல வச்சுக்காதே. நாளைக்கு வந்துடு. அது சரி, கேபிள்ல அப்படி என்னதான் கோளாறு?"

"ஒண்ணுமில்லண்ணே. காலையில நான் பார்த்து மாட்டினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியேதான் இருந்துச்சு. சுவரைப் பார்த்ததும் அக்கா கால்தான் தானா எழும்பிடுச்சு. 'பயப்படாதீங்க'ன்னு சொன்னா பயம் போயிடுமா?"

சுகாயா குரலைத் தாழ்த்தினான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த மாசமும் பந்தயம் இருக்கு. கேட்டா, தப்பு என்னோடதாவே இருக்கட்டும்."