எறும்புகள் கூடிய இடம்

விழாப் பந்தலிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஆற்றுக்குள் இறங்கினாள்.

தண்ணீர் இல்லை. மணல்தான். செருப்பு புதைந்தது. கழற்றி எறிந்துவிட்டு நடந்தாள்.

தலைக்கு மேலே பழைய இரும்புப் பாலம். பழுது பார்த்து, பச்சை பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். இன்று மணல் லாரிகளை ஓட்டிச் சோதனை. நாளை முதல் பள்ளிக்கூடப் பேருந்துகள்.

கரையில் செயற்பொறியாளர் ஞானப்பிரகாசம் கழுத்தில் விசிலோடு நின்றிருந்தார். அவர் ஊதினால் முதல் லாரி நகரும். அவர் முறைத்தால் உதவிப் பொறியாளரான அவள் வேறு மாவட்டத்துக்கு நகர வேண்டியதுதான்.

“எறும்பூரக் கல்லு தேயும். இரும்பும் தேயுமா மேடம்?” என்று யாரோ கத்தினார்கள். ஒரே சிரிப்பு.

சிரிக்கட்டும்.

போன வாரம் பாலத்தைத் தட்டி அதிர வைத்து, அது அதிரும் வேகத்தைக் கணினிக்குக் கொடுத்திருந்தாள். கணினிக்குள் எறும்புகள். நிஜ எறும்புகள் இல்லை, வெறும் கணக்கு. சர்க்கரை தேடுவதுபோல ஒவ்வொன்றும் ஓர் இடத்தைச் சந்தேகிக்கும். இங்கே விரிசல் இருந்தால் பாலம் இப்படித்தான் அதிருமா என்று பார்க்கும். பொருந்தினால் வாசனை விட்டுப் போகும். மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

எல்லாம் இரும்புச் சட்டங்கள் சேரும் ஒரே மூட்டில் வந்து கூடின. இடப்பக்கம், கரையிலிருந்து மூன்றாவது மூட்டு.

பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். இரும்பு வழுவழுவென்று இருந்தது.

அன்று அவளுக்கு மானம் போயிற்று.

மறுநாள் காலையில் தட்டில் தோசையை மடித்தபோதுதான் உறைத்தது. பாலத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் அச்சு அசல். நடுவில் மடித்தால் மூட்டின் மேல் மூட்டு உட்காரும். இரண்டில் எதில் விரிசல் விட்டாலும் பாலம் ஒரே வேகத்தில்தான் அதிரும். எறும்புகள் பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்க அவள்தான் மறந்துபோனாள்.

வலப்பக்கத்தையும் சுரண்டச் சொன்னாள். புது பெயின்ட், ஒருமுறை அவமானப்பட்டது போதும் என்றார் ஞானப்பிரகாசம்.

வலப்பக்கத்து மூன்றாவது மூட்டுக்கு நேர் கீழே இரண்டு நாற்காலிகளையும் போட்டாள்.

ஒன்றில் உட்கார்ந்தாள்.

துறையில் ஒரு பழைய பழக்கம் உண்டு. பாலம் உறுதி என்று சொன்னவர், முதல் வண்டி போகும்போது அதன் கீழே நிற்க வேண்டும். இப்போது யாரும் நிற்பதில்லை. பந்தலில் நிழல் நன்றாக இருக்கிறது.

அண்ணாந்து பார்த்தாள். பயம்தான், பொய் சொல்வானேன். ஆனாலும் எழுந்திருப்பதாக இல்லை. நாளைக்கு அந்த மூட்டின் மேல் பிள்ளைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு போவார்கள்.

“ஏம்மா, எந்திரிச்சு வாம்மா! லாரி வரணும்!” என்று கரையிலிருந்து கத்தினார் ஞானப்பிரகாசம்.

“வரட்டும் சார்! பாலம் நல்லாருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? உங்களுக்கும் சேர் போட்டிருக்கேன். வந்து உக்காருங்க.”

பக்கத்து நாற்காலியில் ஒட்டியிருந்த மணலைத் துப்பட்டாவால் தட்டிவிட்டாள்.



ஞானப்பிரகாசம் விசிலை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார்.

அவளைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு அந்த மூட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

லாரி டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

“பெயின்டர் எங்கப்பா?” ஞானப்பிரகாசம் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். “சுரண்டுற தகட்ட எடுத்துட்டு வரச் சொல்லு.”

அவள் எழுந்திருக்கவில்லை.

மேலே கரகரவென்று சத்தம் கேட்டது. காலி நாற்காலியில் முதலில் பச்சைச் செதில்கள் உதிர்ந்தன.

பிறகு துரு.