மூடின ஆலையின் கறுப்புப் புட்டி

புட்டிகள் நிறைந்த ஒரு கண்ணாடி அலமாரியில், கறுப்பு விஸ்கிப் புட்டி ஒன்றும் அதன் பக்கத்தில் சின்னக் கிளாஸ் ஒன்றும் இருந்தன. ஸ்காட்லாந்தில் அந்த விஸ்கியைக் காய்ச்சிய ஆலையை மூடி நாற்பது வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் ஞானராஜ் வருகிறவர்களிடமெல்லாம், "பாருங்க, தொட்டுடாதீங்க" என்பார்.

கிளாஸுக்கு ஒரே ஒரு ஆசைதான். வயிறு நனைய ஒரு வாய் விஸ்கி.

"பெரியப்பா, உங்களை எப்பத் திறப்பாங்க?"

"என்னைத் திறந்துட்டா அப்புறம் இந்த ருசி உலகத்துலயே கிடையாது, புள்ள. பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தது. ஆனால் தினமும் மத்தியான வெயில் விழும்போது, தேனும் புகையும் கலந்த வாசனை ஒன்று அதன்மேல் ஊர்ந்து போகும். யாரோ ஒட்டி நின்று மூச்சு விடுவதுபோல இருக்கும். பல வருஷம் அப்படித்தான். பிறகு ஒருநாள் அந்த வாசனை நின்றுபோனது.

மறுநாள் தூசி தட்டிய வேலைக்காரம்மாவின் துணி பட்டு, கறுப்புப் புட்டி ஆடியது. உள்ளே தளும்பும் சத்தமே இல்லை.

"ஐயோ பெரியப்பா! சாய்க்காமலே வெச்சு உங்க கார்க் காய்ஞ்சிருக்கு. அது வழியா எல்லாம் ஆவியாப் போயிடுச்சு. நீங்க காலி!"

"கத்தாதடி. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கிப் போட்டுருவாரு." குரல் பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

கிளாஸ் மற்ற புட்டிகளிடம் திரும்பியது. "பெரியப்பா காலின்னு நீங்களாவது அவர்கிட்டச் சொல்லுங்களேன்!"

பதினேழு புட்டிகளும் அதே கிணற்றுக் குரலில், "உஷ்!" என்றன.