பாலத்துக்கு முந்தின ஸ்டாப்

“மறுபடியும் நிறுத்திட்டீங்களா?”

டாக்டர் குரலைத் தணிவாகத்தான் வைத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“ஆமா டாக்டர். ஸ்டாப்பிங்,” என்றார், சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த டிரைவர்.

பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். பாலத்து வளைவில் ஒருநாள் பிரேக் பிடிக்காமல் வண்டி கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு பாதி அந்தரத்தில் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை வெடவெடவென்று ஆடுகிறது.

ஹிப்னாடிச சிகிச்சையில் இதற்கு வழி உண்டு. ஆளை அரைமயக்கத்துக்குக் கொண்டுபோய், மனக்கண்ணில் அதே பஸ்ஸை அதே பாலத்தில் ஓட்ட வைப்பது. அங்கே ஒருமுறை பத்திரமாகக் கடந்துவிட்டால், நிஜத்திலும் பயம் தெளிய ஆரம்பிக்கும்.

கடந்தால்தானே! வாராவாரம் இதே கூத்து. பாலம் வருவதற்குள் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்துவார். நிறுத்தினால் லேசில் நகரமாட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

“கற்பனையிலகூட வேலைக்குப் போக மனசு வரல பாருங்க,” என்று போன வாரம் அவர் மனைவியே தலையில் அடித்துக்கொண்டாள். “நடிக்கிறாருன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு டாக்டர்.”

டாக்டருக்கும்தான். இன்றும் இப்படியே முடிந்தால், ‘ஒத்துழைக்கவில்லை’ என்று அவர் ஆபீசுக்குச் சொல்லிவிடுவதாக இருந்தாள். சொன்னால் வேலை போய்விடும். போகட்டுமே!

“இது எக்ஸ்பிரஸ் பஸ்னு வெச்சுக்குங்க. எங்கயும் நிக்காது. நேரா பாலத்துக்குப் போங்க.”

“எக்ஸ்பிரஸா? போர்டு மாத்தலையே டாக்டர்.”

“மாத்தியாச்சு! நானே மாத்திட்டேன்! வண்டியை எடுங்க.”

“எடுத்துட்டேன்... பாலம் தெரியுது...”

“அப்படித்தான். அப்படியே மெதுவா...”

“நிறுத்திட்டேன்.”

மயக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று படித்ததெல்லாம் காற்றில் பறந்தது.

“ஏங்க இப்படி என் உயிரை வாங்கறீங்க? யாரு ஏறணும்னு இப்படி நிக்கறீங்க?”

“ஏற இல்ல டாக்டர். இறங்க.” மூடிய இமைகளுக்குள் அவர் கண்கள் அலைந்தன. “பயம் என்னோடது. ஜனங்க ஏன் அதுல மாட்டணும்? ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிடறேன். கைக்குழந்தையோட வந்த அம்மா இறங்கிட்டாங்க. காலேஜ் பசங்க இறங்கிட்டாங்க. கண்டக்டரையும் இறக்கிட்டேன். ஒரே ஒரு ஆளுதான் நகரவே மாட்டேங்கறாங்க. அவங்க இறங்கட்டும்னுதான் வாராவாரம் காத்துக்கிட்டு நிக்கறேன்.”

“யாரு அது?”

“நீங்கதான். ‘பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்’னு சொல்லிட்டு முன் சீட்ல உட்கார்ந்திருக்கீங்களே!”

டாக்டர் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நான் இறங்கறதா இல்ல. நீங்க வண்டியை எடுங்க.”

அவருடைய வலது கால் தரையை மெல்ல அழுத்தியது.

“அப்படின்னா கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க டாக்டர்.”