தெருவின் நடுவே ஒரு கோடு

கூட்ட அறையின் திரையில் நகரம் கட்டம் கட்டமாக மின்னுகிறது. அருகிலுள்ள ஆம்புலன்ஸைத் தேடி அனுப்ப, நகரத்தின் விவரங்களைப் பல சர்வர் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்த பொறியாளன்தான் இந்தப் படத்தையும் வரைந்தவன். ஒவ்வொரு சர்வரின் பகுதிக்கும் ஒரு நிறம். போன வாரம் இதே படத்துக்கு எல்லோரும் கைதட்டியபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று ஏசி மட்டும் உறுமுகிறது. எதிர் நாற்காலியில் ஒருவர், மடியில் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்து சேர்ந்தது. அப்பா இன்னும் கண் திறக்கவில்லை. "இது உங்க வீடு. இது அன்னைக்குச் சும்மா நின்ன இன்னொரு ஆம்புலன்ஸ்" என்று மேலாளர் இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் காட்டுகிறார். வீடு நீலத்தில், வண்டி பச்சையில். இரண்டுக்கும் இடையே, தெருவின் நடுவில், அவன் போட்ட கோடு. நீலத்துக்குள் மட்டும் தேடி, அதன் மறுமுனையில் இருந்த வண்டியை அனுப்பிய சர்வர் பக்கத்துப் பச்சையை எட்டிப் பார்க்கவேயில்லை. பார்க்கச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

"எதிர்த்த வாசல்தானேங்க இது?" என்கிறார் வந்தவர். குரலில் கோபம்கூட இல்லை. "நான் சத்தம் போட்டிருந்தாலே கேட்டிருக்குமே."

பொறியாளன் பார்க்கச் சகிக்காமல் மவுசை உருட்டிப் படத்தைச் சிறிதாக்குகிறான். தெரு சுருங்குகிறது, இரண்டு புள்ளிகளும் நெருங்கி நெருங்கி ஒன்றாகின்றன. கோடு மட்டும் அதே தடிமனில் நின்று அந்த ஒற்றைப் புள்ளியையும் மூடிவிடுகிறது.

"கொஞ்சம் பெருசாக்குங்க தம்பி" என்கிறார் அவர். "எங்க வீட்டைக் காணோம்."