முகம் தெரியாத புண்ணியவான்

சின்ன மாப்பிள்ளை வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்றதிலிருந்து பெரிய மாப்பிள்ளைக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவன் அவன். வயிறு மட்டும் ஒருவருக்குத்தான் எரிந்தது.

"பிரிட்ஜ் ரிப்பேர் கடையில இவ்வளவு வருமா சகலை?" என்று விசாரிப்பது போலக் கேட்டார்.

"ரிப்பேர்ல இல்லண்ணே. பன்னிரண்டு வருஷமா கடைக்கு வந்த போன் எல்லாம் ரெக்கார்ட் ஆகிக் கிடந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனிக்காரன் அதைச் சும்மா தரச் சொல்லிக் கேட்டான், நான் கொடுக்கல. இப்ப அவனே கார் விலை கொடுத்து வாங்கிட்டுப் போறான்."

"வெறும் பேச்சையா?"

"பொய்ப் புகாரைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கத்துக் கொடுக்கவாம். நிஜப் புகார் எந்தக் கடையிலயும் கிடைக்குமாம், பொய்ப் புகாருக்குத்தான் பஞ்சம். நமக்குன்னு ஒரு புண்ணியவான் வாராவாரம் புதுப் பேர்ல போன் போட்டு, இல்லாத பிரிட்ஜுக்குச் சண்டை பிடிச்சிருக்கார். பேர் அறுநூறு, குரல் ஒண்ணுதான்னு கம்பெனிக்காரனே கண்டுபிடிச்சான்."

பெரிய மாப்பிள்ளை காரையே பார்த்தார்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சா பாதிப் பணத்தைக் கொடுத்துடுவேண்ணே. உழைப்பு அவரோடதுதானே. உங்களுக்கு யாராச்சும் தோணுதா?"

பாதிக் கார் கண்முன் வந்து நின்றது. பெரிய மாப்பிள்ளை வாயைத் திறந்தார். பன்னிரண்டு வருடமாகப் போனில் போர்த்திப் பேசிய கைக்குட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. அது இல்லாமல் அவருக்குக் குரல் வரவில்லை.